ஒரு மருந்தின் அஞ்ஞாதவாசம்

உடம்பின் வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. வலியை அளப்பதற்கு மட்டும் நோயாளியின் வாய்ச்சொல்லையே வைத்தியர் நம்பவேண்டியிருக்கிறது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண்ணைச் சொல்லுமாறு அவர் கேட்கிறார். நோயாளி எட்டு என்கிறார். எட்டு என்று ஏட்டில் பதிவாகிறது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் மற்றொரு தொல்லையும் உண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிடிப்பு என்று நம் மொழியில் வலிக்கு எத்தனையோ பெயர்கள் இருக்க, வடக்கே ஒரு மருத்துவமனையில் அவை அனைத்தையும் ‘தர்த்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட நேர்கிறது. வலியைச் சொல்வதே இத்தனை கடினமாக இருக்கும்போது, அதைத் தீர்ப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நாட்பட்ட வலிக்கும், அதைப்போலவே எளிதில் விடமறுக்கும் புகைப் பழக்கத்துக்கும், விசித்திரமான ஒருவகை மருந்து பரிசோதிக்கப்பட்ட வரலாற்றை இப்பேச்சில் கூற எண்ணுகிறோம். மனத்தில் காட்சிகளைத் தோற்றுவிப்பவை என்றும், இளைஞரைக் கெடுப்பவை என்றும் பெயர் வாங்கிய மருந்துகள் இவை. ஆய்வுக்கூடத்தில் பிறந்து, மருத்துவமனைக்குள் நுழைந்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தலைமறைவாக இருந்து, மீண்டும் மருத்துவமனையின் வாயிலில் வந்து நிற்கின்றன. பாண்டவர்க்கு வாய்த்த அஞ்ஞாதவாசம் ஓராண்டுதான். இவற்றுக்கு விதிக்கப்பட்ட தண்டனை அதனினும் நெடியது.

கதை ஒரு பயிர் நோயில் தொடங்குகிறது. கம்பு விளையும் பூமியிலிருந்து வந்த நேயர்கள் தேன்ஒழுகல் நோயை அறிந்திருப்பர். கதிரிலே பிசின்போன்ற ஒரு திரவம் வடிந்து, பின்னர் மணிக்குப் பதிலாகக் கறுத்த ஒரு முடிச்சு உண்டாகிவிடும். இதைச் செய்வது எர்காட் என்னும் பூஞ்சணம். ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தை இவ்வினத்தைச் சேர்ந்த பூஞ்சணம் பற்றியபோது, அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுடைய கைகால்கள் நெருப்பில் இட்டாற்போல் எரிந்தன. விரல்கள் கறுத்து அழுகி உதிர்ந்தன. சிலருக்குப் புத்தியும் பேதலித்தது. இதற்கு அந்தோணியார் நெருப்பு என்று அக்காலத்து மக்கள் பெயரிட்டனர். ஆயினும் அந்த நஞ்சிலேயே மருந்தும் உண்டு என்பதைக் கண்டுகொண்டவர்கள் கிராமத்து மருத்துவச்சிகள். பிரசவத்தை விரைவுபடுத்த அதை அவர்கள் கொடுத்துவந்தனர்.

ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்திலுள்ள ஸாண்டோஸ் நிறுவனத்தில் ஆர்தர் ஸ்டால் என்னும் ரசாயன அறிஞர் 1918ஆம் ஆண்டில் எர்காட்டிலிருந்து எர்காட்டமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அது ஒற்றைத் தலைவலிக்கு மருந்தாயிற்று. அவரிடம் பணியாற்றிய ஆல்பர்ட் ஹாஃப்மன், பிரசவத்துக்குப் பின் ஏற்படும் உதிரப்போக்கை நிறுத்தும் மெத்தர்ஜின் என்ற மருந்தை உருவாக்கினார். இந்திய மருத்துவமனைகளில் இன்றும் புழங்கும் மருந்து அது. இந்தப் பிரசுரத்தைக் கையில் வைத்திருப்போரில் பலருடைய தாய்மாருக்கு அது உதவியிருக்கக்கூடும். அதே ஹாஃப்மன், எர்காட்டின் கருப்பொருளாகிய லைசெர்ஜிக் அமிலத்தை வெவ்வேறு பொருள்களோடு இணைத்து வரிசையாகப் பல சேர்மங்களைச் செய்துவந்தார். அவற்றுள் 25ஆவது 1938 நவம்பரில் உருவாயிற்று. இரத்த ஓட்டத்தையும் சுவாசத்தையும் ஊக்குவிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். விலங்குகளிடம் சோதித்ததில் சிறப்பாக ஒன்றும் தெரியாததால் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். ஐந்தாண்டுகளுக்குப் பின், என்ன தோன்றிற்றோ, ஹாஃப்மன் அதை மீண்டும் செய்தார். 1943 ஏப்ரல் 16 அன்று தற்செயலாக அது உடம்பில் சேர்ந்து அவருக்குத் தலை கிறுகிறுத்தது. மூன்று நாள் கழித்து, வேண்டுமென்றே ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கை உட்கொண்டார். யுத்த காலமாதலால் மோட்டார் வண்டி கிட்டவில்லை. உதவியாளர் துணைவரச் சைக்கிளிலேயே வீடு போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் உலகம் உருமாறிக்கொண்டிருந்ததாம். அந்தப் பொருளே எல்.எஸ்.டி. எனப்படுவது.

இவ்விடத்தில் சொல் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நாம் இதைச் சொல்லாமல் கடந்தால் எழுதுகோல் மன்னிக்காது. இம்மருந்துகளுக்கு என்ன பெயரிடுவது என்பதில் ஆராய்ச்சியாளர்களே தடுமாறினர். பைத்தியத்தைப் போன்ற நிலையை உண்டாக்குபவை என்று பொருள்படும் பெயரே முதலில் வழங்கிற்று. கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பணியாற்றிய மனநல வைத்தியர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டுக்கு அது பிடிக்கவில்லை. 1956ஆம் ஆண்டில் அவரும் ஆங்கில நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் கடிதங்களில் இதைப்பற்றி விவாதித்தார்கள். ஹக்ஸ்லி ‘ஃபனரோதைம்’ என்ற சொல்லை முன்மொழிந்தார். ஆஸ்மண்டோ கிரேக்க மொழியில் மனத்தையும் வெளிப்படுத்தலையும் குறிக்கும் இரு சொற்களைக் கூட்டி ‘சைக்கெடெலிக்’ என்றார். ஆஸ்மண்டின் சொல்லே நிலைத்தது. நாவலாசிரியரை வைத்தியர் சொல்லாக்கத்தில் வென்ற அபூர்வமான நிகழ்ச்சி அது. தமிழில் ‘மாயத்தோற்ற மருந்து’ என்று சிலர் எழுதுகின்றனர். தோற்றம் மட்டுமே முக்கியமன்று என்பது இவ்வரலாற்றில் தெளிவாகும். ஆதலால் ‘மனந்திறப்பு மருந்து’ என்றே நாம் வழங்குவோம்.

ஆஸ்மண்டும் அவருடைய கூட்டாளி ஆப்ரம் ஹாஃபரும் குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர்களிடம் எல்.எஸ்.டி.யைப் பரிசோதித்து, பலர் குடியை விட்டதாக அறிவித்தனர். அக்காலச் சோதனைகளில் ஒப்பீடு சரிவர இல்லை என்று பிறர் குறைகூறினர். நெடுங்காலத்துக்குப் பிறகு, 2012ஆம் ஆண்டில், நார்வே நாட்டைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர், 1960களிலும் 1970ஐ ஒட்டியும் ஓரளவு ஒழுங்காக நடந்த ஆறு சோதனைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றில் பங்குகொண்ட 536 பேருடைய விவரங்களை ஒருங்கே கணக்கிட்டனர். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேரும், பெறாதவர்களில் 38 பேரும் குடி விஷயத்தில் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். தூசி படிந்து கிடந்த ஏடுகளுக்குள்ளேயே இச்செய்தி அத்தனை காலமும் இருந்திருக்கிறது.

வலிக்கு வருவோம். சிகாகோ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எரிக் காஸ்ட் என்பவர் தீராத வலியால் வருந்தும் நோயாளிகளைக் கவனித்துவந்தவர். மனந்திறப்பு மருந்தை உட்கொண்டவர்கள் தம் உடம்பைப் பற்றிய உணர்வையே சற்று இழக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அப்படியானால் உடம்பின் வலி என்னாகும்? 1964ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் அவரும் காலின்ஸ் என்பவரும் 50 நோயாளிகளிடம் எல்.எஸ்.டி.யை, அக்காலத்தில் மிக வலிய வலிநிவாரணிகளாகக் கருதப்பட்ட இரண்டு அபினி வகை மருந்துகளோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர்கள். வேறு சிலர் கால் அழுகிய நிலையில் இருந்தவர்கள். மற்ற இரண்டு மருந்துகளின் பலனும் சில மணி நேரத்தில் கரைந்துவிட, எல்.எஸ்.டி. அளித்த தணிவு அவற்றை விஞ்சி நீடித்தது. பின்னர் நடத்திய சோதனைகளில் மருந்து உடம்பை விட்டு நீங்கிய பிறகும் சிலருக்கு வலி நாட்கணக்கில் குறைந்தே இருந்தது. உறக்கம் திரும்பியது. மரணத்தைப் பற்றிய அச்சமும் தளர்ந்தது.

ஆனால் காஸ்ட் கவனித்த விஷயங்களில் நம் கருத்தை ஈர்ப்பது வேறொன்று. வலி முற்றிலும் மறைந்துவிட்டது என்று எல்லா நோயாளிகளும் கூறவில்லை. வலி இருக்கிறது, ஆனால் அது முன்போல் தம்மைப் பற்றி இழுக்கவில்லை என்ற பாங்கில் சிலர் நடந்துகொண்டார்கள். இதற்குக் காஸ்ட் தந்த விளக்கம் நுட்பமானது. நோயாளியை வாட்டுவது இந்தக் கணத்து வலி மட்டுமன்று. அடுத்த கணத்தில் வரப்போகும் வலி, இன்றிரவு வரப்போகும் வலி, இனி என்றும் தீராத வலி என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே வாட்டுகிறது. மருந்து தளர்த்துவது அந்த எதிர்பார்ப்பையே என்று அவர் கருதினார். 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்கு ‘எதிர்பார்ப்பைத் தளர்த்துதல்’ என்று பொருள்படும் தலைப்பையே கொடுத்தார். நாட்பட்ட வலியோடு வாழ்பவர்களை அருகிருந்து பார்த்தவர்கள் இதை எளிதில் ஒப்புவர். காலையில் எழும்போதே மாலை வலிக்கு அஞ்சுகிறவர்கள் அவர்கள்.

காஸ்டின் ஆய்வுகளில் மற்றொரு செய்தியும் உண்டு. இம்மருந்தைப் போற்றுவோர் அதை அவ்வளவாக எடுத்துச்சொல்வதில்லை. வலி தணிந்தும்கூட, நோயாளிகளில் பலர் மறுமுறை அந்த மருந்தை ஏற்கப் பெரிதும் ஆவல் காட்டவில்லை. இதில் வியப்பில்லை. மருத்துவமனைக் கட்டிலில், முன்கூட்டிய மனத் தயாரிப்பு ஏதுமின்றி, உலகமே உருமாறும் அனுபவத்துக்குள் ஒருவரைத் தள்ளினால் அவர் அஞ்சத்தான் செய்வார். அச்சம் மிகுந்தபோது வேறொரு ஊசியைப் போட்டு அனுபவத்தை முடித்துவைத்தார்கள். நோயாளி வலி பொறுத்தவர். பயம் பொறுக்க அவர் ஏன் வேண்டும்?

இந்தக் குறையை உணர்ந்து வேறு வழியில் சென்றவர்கள் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரத்தை அடுத்த ஸ்ப்ரிங் குரோவ் மருத்துவமனையில் இருந்தார்கள். அங்கே புற்றுநோயாளிகளுக்குப் பல நாட்கள் முன்னதாகவே உரையாடல் நடந்தது. மருந்து கொடுக்கும் அறையில் மலர்கள் வைத்தார்கள், இசைத்தட்டு ஒலித்தது, உற்றவர்கள் பின்னர் வந்து பார்க்க ஏற்பாடு இருந்தது. அந்தக் குழுவில் முக்கியமானவர் வால்டர் பான்கி. அவர் வைத்தியரும் மதத் தத்துவம் பயின்றவரும் ஆவார். அவர் 1962ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆலயத்தின் கீழறையில் நடத்திய ஒரு சோதனை புகழ்பெற்றது. இருபது சமயக் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்கு மனந்திறப்பு மருந்தையும், மற்றவர்க்கு நியாசின் என்ற வைட்டமினையும் கொடுத்தார். நியாசின் தின்றால் முகம் சிவந்து உடம்பு சூடேறும். தமக்குத்தான் மெய்யான மருந்து கிடைத்தது என்று நம்பவைக்க அது உதவும் என்பது பான்கியின் எண்ணம். இந்த நியாசினை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஸ்ப்ரிங் குரோவில் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வியக்கத்தக்க முன்னேற்றமும், மற்றொரு பங்கினர் ஓரளவு முன்னேற்றமும் கண்டனர், எஞ்சியவர்க்கு மாற்றமில்லை. பான்கி 1971ஆம் ஆண்டில் கடலில் மூழ்கி நீந்தச் சென்றபோது உயிரிழந்தார்.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் ஃபெடரிகோ சிக்குட்டேரி என்ற தலைவலி நிபுணரும் எர்காட் குடும்பத்து மருந்துகளை ஆராய்ந்துவந்தார். லைசெர்ஜிக் அமிலத்தின் மற்றொரு வாரிசாகிய மெத்திசெர்கைடு, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் என்பதை 1959ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். அது உலகெங்கும் விற்பனைக்கு வந்து, நீண்ட நாள் தின்றவர்களில் சிலருக்கு வயிற்றின் பின்பகுதியில் நார்போன்ற திசு வளர்ச்சியை உண்டாக்கியதால் பின்னாளில் வழக்கொழிந்தது. சிக்குட்டேரியின் குழுவினரே 1977ஆம் ஆண்டில் கை அல்லது கால் வெட்டப்பட்ட பிறகும் அந்த இல்லாத உறுப்பில் வலியை உணர்ந்த ஏழு பேருக்கு, காட்சிகள் தோன்றாத அளவுக்குக் குறைந்த எல்.எஸ்.டி.யைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து பேருக்கு வலி குறைந்தது. அவ்வளவோடு அம்முயற்சியும் நின்றுவிட்டது.

இதுவரை எர்காட்டின் கதை. இனிக் காளானின் கதை. இதற்கு நாம் மெக்ஸிகோவுக்குச் செல்லவேண்டும். ஓவஹாகா மாநிலத்தின் மலைகளில் வாழும் மசாட்டெக் மக்கள், நோயின் காரணத்தை அறியவும் நோயைத் தீர்க்கவும் ஒருவகைச் சிறு காளான்களை இரவில் உண்டு பாடி வழிபடுவது வழக்கம். ஸ்பானியர் அந்நாட்டை வென்றபோது இத்தகைய வழிபாடுகளைப் பேய்ச்செயல் என்று அடக்கினார்கள். ஆனால் அதே கண்டத்து மக்களிடம் கண்ட புகையிலையை மட்டும் கப்பலேற்றி உலகெங்கும் பரப்பினார்கள். மசாட்டெக் மக்களுக்குப் புகையிலையும் மருந்துதான். சுண்ணாம்போடு அரைத்துச் சடங்குகளில் பயன்படுத்துவர். ஐரோப்பியர் கையில் அது வாணிபச் சரக்காயிற்று. காளானோ மலைக்குள்ளேயே மறைந்திருந்தது.

1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கார்டன் வாஸன் என்ற நியூயார்க் வங்கி அதிகாரி வாவுட்லா தெ ஹிமேனெஸ் என்னும் ஊரில் மரியா சபீனா என்ற மருத்துவப் பெண்மணியின் இல்லத்தில் அக்காளானை உண்டார். அவர் எழுதிய கட்டுரை 1957 மே மாதத்தில் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகையில் படங்களோடு வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே ஹாஃப்மன் அக்காளானின் சாரத்தைப் பிரித்தெடுத்து ஸைலோசைபின் என்று பெயரிட்டார். விலங்குகளிடம் தெளிவான முடிவு கிடைக்காதபோது, எந்தப் பகுதியில் சாரம் உள்ளது என்பதை அறியத் தாமே உட்கொண்டு பார்த்தார்! 1962ஆம் ஆண்டில் அவர் அந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மலையேறி மரியா சபீனாவிடமே கொடுத்தார். காளானின் சக்தி மாத்திரையிலும் இருக்கிறது என்று அம்மூதாட்டி சான்றளித்தார். மருந்துக்கு இதைவிடத் தகுதியான தரச்சான்று ஏது?

அந்த அம்மையாருக்குக் கிடைத்த பலன் வேறு. பத்திரிகையைப் படித்த அந்நியர்கள் கூட்டம் கூட்டமாக அவ்வூருக்கு வந்தனர். நோய் தீர்க்க வந்தவர்கள் அல்லர். காட்சி காண வந்தவர்கள். போலீஸாரின் தொந்தரவு நேர்ந்தது. ஊராரின் சினத்துக்கு ஆளாகி, அவருடைய வீடு எரிக்கப்பட்டது. அந்நியர் வந்த பிறகு காளானின் புனிதம் குலைந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவர் வருந்தினார். 1985ஆம் ஆண்டில் வறுமையிலேயே மறைந்தார்.

மருந்து மருத்துவமனையிலிருந்து வெளியேறியது எவ்வாறு என்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் ஒன்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆசிரியராக இருந்த டிமதி லியரி இம்மருந்துகளை எல்லோரும் உண்ணலாம் என்று பிரசாரம் செய்தார். 1963ஆம் ஆண்டில் அவரும் சக ஆசிரியர் ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் வேலையிழந்தனர். இளைஞர் கூட்டம் பின்சென்றது. அரசாங்கம் அஞ்சித் தடைசெய்தது என்பர். (அந்த ஆல்பர்ட்தான் பின்னர் நைனிதாலை அடுத்த கைஞ்சியில் குருவை அடைந்து ராம் தாஸ் ஆனவர். அப்பக்கம் வாழும் நேயர்கள் அந்த ஆசிரமத்தைப் பார்த்திருக்கலாம்.) இது உண்மையே. ஆனால் முழு உண்மையன்று என்பது நம் கருத்து. தாலிடமைடு என்ற மாத்திரை ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஊனமாக்கிய பிறகு, 1962ஆம் ஆண்டில் அமெரிக்கா மருந்துச் சட்டத்தைக் கடுமையாக்கிற்று. ஒரு மருந்து பலனளிக்கிறது என்பதை ஒழுங்கான சோதனையால் நிரூபிக்கவேண்டும் என்ற விதி வந்தது. மனந்திறப்பு மருந்தை உண்டவருக்கு அதை உண்டோம் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. யாருக்கு எது கொடுத்தோம் என்பதை மறைத்து ஒப்பிடுவது எவ்வாறு? இக்கேள்விக்கு அக்காலத்தவரிடம் விடையில்லை.

இன்னொரு காரணம் வெட்கக்கேடானது. கென்டக்கி மாநிலம் லெக்ஸிங்டனில், போதைக்கு அடிமையானவர்களைச் சிறைவைத்துச் சிகிச்சை அளிக்க அமெரிக்க அரசாங்கம் ஒரு மருத்துவமனை நடத்தியது. அங்கிருந்த கைதிகளில் சிலருக்கு, பெரும்பாலும் கறுப்பினத்தவர்க்கு, 1950களில் எல்.எஸ்.டி. கொடுத்துச் சோதித்தார்கள். எழுவருக்கு இடைவிடாமல் 77 நாட்கள் கொடுத்தார்கள். அந்நாட்டு உளவு ஸ்தாபனம் இதற்குப் பொருளுதவி செய்தது. சோதனைக்கு இசைந்த கைதிகளுக்குக் கைம்மாறாக அளித்தது எது என்று நினைக்கிறீர்கள்? எந்தப் போதை மருந்திலிருந்து அவர்களை மீட்க அந்த மருத்துவமனை கட்டப்பட்டதோ, அதே போதை மருந்து. 1970களின் நடுவில் அமெரிக்கச் செனட் சபையின் விசாரணையில் இவை வெளிவந்தன. இத்தகைய கைகளில் அகப்பட்ட மருந்துக்கு நற்பெயர் எங்கிருந்து வரும்?

1965ஆம் ஆண்டில் ஸாண்டோஸ் நிறுவனம் எல்.எஸ்.டி. வழங்குவதை நிறுத்திக்கொண்டது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவில் எல்.எஸ்.டி.யும் ஸைலோசைபினும், மருத்துவப் பயன் இல்லாதவை என்று முத்திரையிடப்பட்டு, கடுமையான முதற்பட்டியலில் சேர்ந்தன. 1971ஆம் ஆண்டில் வியன்னாவில் சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் இவை இரண்டும் இடம்பெற்றுள்ளன. ஸ்ப்ரிங் குரோவ் ஆராய்ச்சிகள் 1970களின் இறுதிக்குள் ஓய்ந்தன.

ஆராய்ச்சி ஓய்ந்ததே தவிர வலி ஓயவில்லை. கொத்துத் தலைவலி என்று ஒரு நோய் உண்டு. ஒரு கண்ணின் பின்னால் கம்பியைக் காய்ச்சிச் செருகினாற்போன்ற வலி, கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும், நாளொன்றுக்குப் பலமுறை வரும், வாரக்கணக்கில் தொடரும். இந்நோயாளிகள் சிலர், வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், தாமாகவே காளானையும் எல்.எஸ்.டி.யையும் உண்டு, தாக்குதல் நின்றதாக ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டனர். சட்டத்தை மீறியவர்கள் அவர்கள். ஆனால் கேளிக்கைக்காக மீறியவர்கள் அல்லர். 2006ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த வைத்தியர்கள் அத்தகைய 53 பேரை விசாரித்தறிந்து எழுதினார்கள். தாக்குதலின்போது காளானை உண்ட 26 பேரில் 22 பேர் வலி அடங்கியதாகக் கூறியிருந்தனர். தாமே சொன்ன சாட்சியம் ஆதலால் நிரூபணம் ஆகாது. எனினும் யேல் பல்கலைக்கழகத்தில் முறையான சோதனைகள் தொடங்கின. 2021ஆம் ஆண்டில் ஒற்றைத் தலைவலிக்காரர் பத்துப் பேரிடம் நடந்த சோதனையில், ஒருமுறை அளித்த ஸைலோசைபினுக்குப் பின் இரண்டு வாரங்கள் தலைவலி நாட்கள் குறைந்தன. 2022இல் கொத்துத் தலைவலிக்காரர் பதினால்வரிடம் கண்ட குறைவோ, கணித முறைப்படி உறுதியானதாகக் கொள்ளத்தக்கதாக அமையவில்லை. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் 24 ஆரோக்கியமானவர்களின் கையைப் பனிநீரில் அமிழ்த்தி, மிகச் சிறிதளவு எல்.எஸ்.டி. அதைப் பொறுக்கும் நேரத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவதைக் கண்டனர்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று கலிபோர்னியாவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரனைப் பலரும் அறிவர். கை இழந்தவரின் எஞ்சிய கையைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கை மீண்டும் இருப்பதாக மூளையை நம்பவைத்து வலியைக் குறைக்கும் முறையை 1990களில் கண்டவர் அவர். 2018ஆம் ஆண்டில் அவரும் கூட்டாளிகளும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். கண்ணாடியோடு ஸைலோசைபினும் சேர்ந்தபோது அவருடைய வலிக்கு, தனித்தனியே கிடைத்ததைவிட நீடித்த தணிவு கிடைத்தது. ஒருவரைப் பற்றிய செய்திதான். ஃபிளாரன்ஸின் ஏழு பேருக்குப் பிறகு நாற்பது ஆண்டு கழித்து வந்த எட்டாமவர் என்று கொள்ளலாம்.

புகைப்பழக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி பால்டிமோரிலேயே, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஸ்ப்ரிங் குரோவில் பணியாற்றிய வில்லியம் ரிச்சர்ட்ஸ் இங்கும் இருந்தார். அறுந்த நூலின் இரு முனைகளையும் முடிந்தவர் அவரே எனலாம். ரோலண்ட் கிரிஃபித்ஸ் என்ற பேராசிரியர் தலைமையில் 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஸைலோசைபின் ஆராய்ச்சி அங்கே அனுமதியோடு மீண்டும் தொடங்கிற்று. மாத்யூ ஜான்ஸன் என்பவர் புகைப்பவர்களிடம் அதைச் சோதித்தார்.

சிகரெட்டை விடுவது எளிது, தாம் பலமுறை விட்டிருப்பதாகக் கூறும் அன்பர் எல்லா அலுவலகங்களிலும் ஒருவர் உண்டு. நம் அலுவலகத்தில் உள்ளவர் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் விடுவார். பொங்கல் வரை தாங்கினால் அதிகம். ஜான்ஸன் தேர்ந்தெடுத்த பதினைந்து பேரும் அத்தகையவர்களே. சராசரி வயது 51. புகைத்த காலம் 31 ஆண்டு. நாளுக்கு 19 சிகரெட். முன்பே ஆறு முறை விட முயன்று தோற்றவர்கள். பல வாரங்கள் ஆலோசனை நடந்தது. தாம் ஏன் புகையை விடுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் ஒரு சிறிய வாக்கியமாக வகுத்துக்கொண்டார்கள். விடும் நாளாகக் குறித்த தினத்திலேயே முதல் மாத்திரை. கண்ணைத் துணியால் மூடிச் சோபாவில் படுத்து, இசையைக் கேட்டபடி, இருவர் துணையிருக்க ஒரு பகல் முழுவதும் கழிந்தது. சில வாரங்கள் கழித்து மறுபடி ஒருமுறை. விரும்பியவர்க்கு மூன்றாம் முறை. ஆறு மாதத்துக்குப் பின் பதினைந்து பேரில் பன்னிருவர் புகைக்கவில்லை. வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் மூச்சையும் சிறுநீரையும் பரிசோதித்து உறுதி செய்தார்கள். 2014ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் பதின்மர் உறுதியாக இருந்தனர். வழக்கமான மருந்துகளில் சிறந்ததைக் கொண்டும் ஆறு மாத முடிவில் மூன்றில் ஒருவர் தேறினாலே பெரிது என்பதை ஒப்பிட்டால் இதன் சிறப்பு விளங்கும்.

வியப்பு யாதெனில், இம்மருந்து நிக்கோட்டினுக்கு மாற்றாக நின்று வேலை செய்வதில்லை. மூளையில் செரட்டோனின் என்ற பொருள் சென்று பொருந்தும் ஒருவகை வாயிலில் இது சென்று பொருந்துகிறது. ஒரு நாளைக்குள் உடம்பை விட்டு நீங்கிவிடுகிறது. எஞ்சுவது அனுபவத்தின் நினைவுதான். அந்த அனுபவம் எவருக்கு ஆழ்ந்ததாக இருந்ததோ அவரே பெரும்பாலும் தேறினார். காஸ்ட் சொன்ன எதிர்பார்ப்பு இங்கும் பொருந்தும் என்று நமக்குத் தோன்றுகிறது. புகைப்பவரை ஆள்வது கையிலுள்ள சிகரெட் அன்று. இனி வரப்போகும் சிகரெட்டைப் பற்றிய நினைப்பே.

ஆயினும் பதினைந்து பேர் என்பது ஒரு பஸ்ஸில் பாதியை நிரப்பும் கூட்டம். ஒப்பிட வேறு குழு இல்லை. விரும்பி வந்தவர்களே சேர்க்கப்பட்டார்கள்; சித்தப்பிரமை வரலாறு குடும்பத்தில் உள்ளோர் விலக்கப்பட்டார்கள், ஏனெனில் அவர்களுக்கு இம்மருந்து பெருந்தீங்கு செய்யக்கூடும். நல்ல துணையோடு இருந்தும் அன்றையப் பகலில் சிலர் கடும் அச்சத்துக்கு ஆளாயினர். கொடைக்கானல் பக்கம் காளான் தேடிச் செல்லும் இளைஞர்கள் இதை மருத்துவ ஆதாரமாகக் காட்டுவது தகாது. ஆய்வுக்கூடத்து மாத்திரையின் அளவு மில்லிகிராமில் தெரியும்; மலைக்காளானின் அளவும் தெரியாது, இனமும் தெரியாது; நச்சுக்காளான் கல்லீரலை அழித்துவிடும்.

கிரிஃபித்ஸ் 2016ஆம் ஆண்டில் புற்றுநோயால் மனமுடைந்த 51 பேரிடம் நடத்திய சோதனையில் பெரும்பாலோர்க்கு மரணபயம் தணிந்ததைக் காட்டினார். ஐந்தாண்டு கழித்து அவருக்கே குடலில் புற்றுநோய் கண்டது. 2023 அக்டோபரில் மறைந்தார். அதே ஆண்டு ஜூலை முதல் ஆஸ்திரேலியா, அனுமதிபெற்ற மனநல வைத்தியர்கள் மட்டும், வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு ஸைலோசைபின் எழுதித்தரலாம் என்று விதித்தது. வலிக்கும் புகைக்கும் அவ்வனுமதி தரப்படவில்லை.

2021ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார ஸ்தாபனங்கள், புகைப்பழக்கச் சோதனையை விரிவாக நடத்த ஏறத்தாழ நாற்பது லட்சம் டாலர் அளித்தன. மனந்திறப்பு மருந்தைக் கொண்டு சிகிச்சை செய்து பார்க்க அவை பணம் கொடுத்தது ஐம்பதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அதுவே முதல் முறை. பால்டிமோர், நியூயார்க், அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் ஆகிய மூன்று நகரங்களில் சோதனை. ஒரு சாராருக்கு ஸைலோசைபின். மற்றவர்க்கு, யாருக்கு எது என்று தெரியாதபடி, ஒப்பீட்டு மாத்திரை. அந்த ஒப்பீட்டு மாத்திரைக்குள் இருப்பது, 1962ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று ஆலயத்தின் கீழறையில் மாணவர்களின் முகத்தைச் சிவக்கச் செய்த அதே நியாசின்.